பார்கோடு: பட்டைக்குறி

கல்முனையில் ஒரு கடையில் பணம் செலுத்தும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர். மழை பிந்தியதையும் புல் காய்ந்து கிடப்பதையும் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காசாளராக இருந்த இளைஞன் அவருடைய பால்மாப் பக்கெற்றை எடுத்து அதன் மேல் சிவப்பு ஒளியைக் காட்டினான். ‘டிக்’ என்றது. பெரியவர் பக்கெற்றைத் திருப்பி, அந்தக் கறுப்புக் கோடுகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மகன், இது யாருடைய குறி?”

“அது குறி இல்லை ஐயா, பார்கோட்” என்றான் இளைஞன்.

இளைஞன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் பெரியவர் கேட்ட கேள்விதான் அந்தப் பொருளின் நடுவைத் தொட்டது. அவர் வாயில் வந்த சொல்லே அதற்குரிய தமிழ்ச் சொல்லின் பாதி. மீதிப் பாதியையும் சேர்த்து விளக்கவே இதை எழுதுகிறேன்.

‘பார்கோடு’ என்ற சொல் தமிழ்க் காதை எளிதில் ஏமாற்றிவிடும். ‘பார்’ நம் சொல். ‘கோடு’ம் நம் சொல். பக்கெற்றில் இருப்பவையும் கோடுகள்தாம். ஆகவே ‘பார்க்க வேண்டிய கோடு’ என்று யாரோ தமிழில் வைத்த பெயர் என்று நினைப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இது ஒலி ஒற்றுமை மட்டுமே. ஆங்கிலத்து ‘பார்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது; கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையையும் கம்பியையும் குறித்து, பின்பு நீண்ட பட்டைக்கும் ஆயிற்று. ‘கோட்’ என்பதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. முதலில் அது மரத்தின் அடித்தண்டு. பிறகு அந்த மரத்தைப் பிளந்து செய்த எழுதுபலகை, பலகைகளைச் சேர்த்த நூல், நூலில் எழுதிய சட்டத்தொகுப்பு, கடைசியாகச் செய்திகளைச் சுருக்கி அனுப்பும் குறிமுறை என்று பொருள் நகர்ந்துகொண்டே போயிற்று. நம் ‘ஏடு’ம் இப்படித்தான் ஓலையிலிருந்து நூலுக்கு வந்தது. எழுதப் பயன்பட்ட பொருள் எழுதியதன் பெயராக மாறுவது எல்லா மொழிக்கும் இயல்பு போலும்.

தமிழில் இதற்குப் பட்டைக்குறி, பட்டைக் குறியீடு, கோட்டுக்குறி, கோட்டுக் குறியீடு எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. எது பொருந்தும் என்று முடிவு செய்ய, இந்தப் பொருள் எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டும்.

1948 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், உணவுக் கடைத் தொடர் ஒன்றின் தலைவர் திரெக்செல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்கு வந்து, பணம் பெறும் இடத்தில் பொருள்களின் விவரத்தைத் தானாகப் பதிவு செய்ய வழி உண்டா என்று கேட்டார். அந்தப் பேச்சைக் கேட்ட பெர்னார்ட் சில்வர் என்ற மாணவர் தம் நண்பர் நோர்மன் ஜோசப் வுட்லண்டிடம் அதைச் சொன்னார். வுட்லண்ட் சாரணராக இருந்த காலத்தில், எழுத்துகளைப் புள்ளியாலும் சிறுகோட்டாலும் குறிக்கும் மோர்ஸ் குறிமுறையைக் கற்றவர். மயாமிக் கடற்கரையில் உட்கார்ந்து மணலில் புள்ளிகளையும் சிறுகோடுகளையும் விரலால் வைத்தார். பிறகு விரல்களை மணலில் புதைத்துத் தம் பக்கமாக இழுத்தார். நீண்ட தடங்கள் விழுந்தன. புள்ளியைக் கீழே இழுத்தால் ஒடுங்கிய தடம். சிறுகோட்டைக் கீழே இழுத்தால் அகன்ற தடம். கல்லடிக் கடற்கரையில் சிறுவர்கள் விரல்களால் மணலை வாருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும். 1949 இல் இருவரும் விண்ணப்பித்து, 1952 இல் காப்புரிமை பெற்றார்கள். ஒரே மையத்தைச் சுற்றிய வட்டங்களாகவும் அந்த வடிவத்தை அதில் காட்டியிருந்தார்கள். கடைகளில் இன்று காணும் நேர்ப்பட்டை வடிவத்தை 1973 இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜோர்ஜ் லோரர் அமைத்தார். 1974 ஜூன் 26 அன்று ஒகையோ மாநிலத்தின் ட்ரோய் நகரில் ஒரு சுவிங்கம் பக்கெற்றுத்தான் முதன்முதலில் இப்படி வாசிக்கப்பட்டு விற்கப்பட்டது.

மணலில் விழுந்த அந்தத் தடங்களில் செய்தியைச் சுமப்பது அகலம். கோட்டை நாம் நீளத்தால் அளப்போம். அகலத்தை யாரும் கேட்பதில்லை. பட்டை என்றால் அகலமும் சேர்ந்தே மனத்தில் வரும். நெற்றியில் திருநீற்றுப் பட்டை, மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தில் ஓடும் அகன்ற பட்டை, ஒடுங்கிய பட்டை என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். நெசவாளிக்குத் தெரியும்: இரண்டு பட்டைகளுக்கு நடுவே விடும் வெளியும் அந்தக் கோலத்தின் பகுதிதான். பார்கோட்டிலும் அப்படியே. கறுப்புக்கு உள்ள அதே மதிப்பு வெள்ளை இடைவெளிக்கும் உண்டு. ஆகவே ‘பட்டை’ என்பதே சரியான முதற்சொல்.

‘கோட்டுக்குறி’ வேண்டாம் என்பதற்கு ஊர்க் காரணம் ஒன்றும் இருக்கிறது. இலங்கைப் பேச்சில் ‘கோட்டுக்குப் போனான்’ என்றால் நீதிமன்றத்துக்குப் போனான் என்றுதான் பொருள். இது போக, மேலே போடும் ‘கோட்டு’ வேறு இருக்கிறது. கேட்டவுடன் தெளியாத சொல் கடைத்தெருவில் நிலைக்காது.

இனிக் ‘குறி’. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மாடு வளர்ப்போர் காய்ச்சிய இரும்பால் கன்றுகளுக்குக் குறிசுடுவார்கள். மாதவனை, மயிலத்தமடு போன்ற மேய்ச்சல் தரைகளில் பல பட்டிகளின் மாடுகள் கலந்து மேயும். மாலையில் பிரிக்கும்போது குறி பேசும். குடும்பத்துக்கும், ‘குடி’ என்னும் தாய்வழிக் குலத்துக்கும் தனித்தனிக் குறி வைத்த வழக்கம் இங்கு உண்டு. அந்தக் குறி மாட்டின் விலையைச் சொல்வதில்லை. எத்தனை லீற்றர் பால் கறக்கும் என்றும் சொல்வதில்லை. யாருடைய மாடு என்று மட்டும் சொல்லும். மற்றவற்றை உடையவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டைக்குறியும் சரியாக இந்த வேலையைத்தான் செய்கிறது. கல்முனைப் பெரியவர் அதைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டார்.

கடைப் பொருள்களின் பட்டைக்குறியில் விலை இருக்கிறது என்பது பரவலான தவறான எண்ணம். அதில் இருப்பது ஓர் இலக்கம். பெரும்பாலும் 13 எண்கள். அந்த இலக்கத்தைக் கடையின் கணினி தன் பட்டியலில் தேடி, அதற்கு நேராக எழுதியிருக்கும் பெயரையும் விலையையும் எடுத்துத் தருகிறது. அதனால்தான் பால்மா விலை மாறும்போது பக்கெற்றை மாற்ற வேண்டியதில்லை. கணினியில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். தட்டில் ஒட்டிய விலையும் பற்றுச்சீட்டில் வந்த விலையும் வேறுபட்டால் பிழை பட்டைக்குறியில் இல்லை. பட்டியலைத் திருத்தியவர் தட்டைத் திருத்தவில்லை, அல்லது தட்டைத் திருத்தியவர் பட்டியலைத் திருத்தவில்லை. வாடிக்கையாளர் தயங்காமல் கேட்கலாம். விற்ற ஒவ்வொரு முறையும் இருப்பில் ஒன்று குறைவதும், எது தீரப்போகிறது என்று முதலாளிக்கு முன்கூட்டியே தெரிவதும் இதே தேடலின் பயன்கள். நிறுத்து விற்கும் மீனுக்கும் மரக்கறிக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு. அங்கே தராசு அச்சிட்டுத் தரும் ஒட்டியில் நிறையோ விலையோ இலக்கத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். அந்த இலக்கம் அந்தக் கடைக்குள் மட்டும் செல்லும்.

இலங்கையில் பதிவு செய்த நிறுவனங்களின் இலக்கம் 479 என்று தொடங்கும், இந்தியாவுக்கு 890. இதைக்கொண்டு பொருள் எங்கே தயாரானது என்று தீர்மானிக்கக் கூடாது. நிறுவனம் எந்த நாட்டுப் பதிவகத்தில் இலக்கம் பெற்றது என்பதை மட்டுமே அது காட்டும். தொடர்ந்து வருபவை நிறுவனத்தின் இலக்கமும் பண்டத்தின் இலக்கமும். கடைசி எண் காவற்காரன். அதைச் சோதனை எண் என்கிறோம்.

விளக்கத்துக்காக நானே எழுதிக்கொண்ட இலக்கம் ஒன்றைப் பாருங்கள்: 479123456789. ஒற்றை இடங்களில் உள்ள எண்களைக் கூட்டினால் 33. இரட்டை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 32. அதை மூன்றால் பெருக்கினால் 96. இரண்டும் சேர்ந்து 129. அடுத்த பத்தின் மடங்கான 130 ஐ அடைய இன்னும் 1 வேண்டும். ஆகவே பதின்மூன்றாவது எண் 1. யாராவது நடுவில் உள்ள 23 ஐ 32 என்று மாற்றித் தட்டினால் கூட்டுத்தொகை 127 ஆகி, சோதனை எண் 3 என்று கேட்கும். இருப்பதோ 1. கணினி ஏற்காது. ஓர் எண் மட்டும் பிழைத்தால் இந்தக் கணக்கு அதைத் தவறாமல் பிடித்துவிடும். அடுத்தடுத்த எண்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிக்கும்.

இங்கே சொற்களையும் பிரித்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு ‘கோட்’ என்ற ஒரே சொல் நின்று வேலை செய்கிறது. தமிழில் அந்த நெருக்கடி நமக்கு இல்லை. அச்சிட்ட பட்டைகள் ‘பட்டைக்குறி’. அதற்குள் இருப்பது ‘பண்ட இலக்கம்’. எண்ணைப் பட்டையாக மாற்றும் விதி ‘குறிமுறை’. ‘பட்டைக் குறியீடு’ என்று எழுதுவோர் இந்த மூன்றையும் மறுபடி ஒன்றாக்கிவிடுகிறார்கள். அது பிழையான சொல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறுகிய சொல் தெளிவாகவும் இருக்கும்போது நீண்டதை ஏன் சுமக்க வேண்டும்? 1892 இல் காரைதீவில் பிறந்து, அறிவியற் கலைச்சொல் ஆக்கும் பணிக்குச் சென்னையில் தலைமை தாங்கிய சுவாமி விபுலானந்தரின் மண் இது. சொல்லாக்கத்தில் நாம் சோம்பியிருக்கலாகாது.

அடுத்தது, பட்டைக்குறியை வாசிக்கும் ஸ்கானர். ‘ஸ்கான்’ என்பதன் வேர் இலத்தீனில் ‘ஏறுதல்’ என்னும் வினை. ஆங்கிலத்தில் அது முதலில் செய்யுளின் அடிகளைச் சீர் சீராகப் பிரித்துப் பார்ப்பதைக் குறித்தது. இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஏனெனில் யாப்பிலக்கணத்தில் நாம் ‘அலகிடுதல்’ என்று சொல்வது இதையேதான். பொருள் வரலாற்றை மட்டும் பார்த்தால் ஸ்கானுக்கு அலகிடுதலே நேர்ச்சொல். ஆனால் ‘அலகு’ ஏற்கனவே அதிகம் சுமக்கிறது. கிளியின் மூக்கு அலகு. பாடப் புத்தகத்தில் அளவையின் கூறு அலகு. கோயிற் திருவிழாவில் குத்துவதும் அலகு. கோயிலைக் கூட்டுவது திருவலகிடுதல். கடைக்காரரின் கையில் இதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

‘வாசிப்பான்’ என்று எழுதுவோரும் உண்டு. கருவி வாசிப்பது உண்மை என்பதால் பொருளில் குறை இல்லை. என் தேர்வு ‘வருடி’. வருடுதல் என்றால் மெல்லத் தடவுதல். தொடக்க காலத்தில் பேனா போன்ற கருவியைப் பட்டைகளின் மேல் தொட்டு இழுத்தே வாசித்தார்கள். இன்று அந்த வேலையை ஒளி செய்கிறது. மேலும், வருடு, வருடல், வருடி என்று வினையும் பெயரும் கருவியும் ஒரே குடும்பமாக வருகின்றன. ‘அண்ணா, இதையும் வருடுங்கள்’ என்று சொல்ல வாய்க்கு வரும்.

வருடி செய்வது இது. சிவப்பு ஒளியைப் பட்டைகளின் மேல் செலுத்துகிறது. வெள்ளை இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்புப் பட்டை விழுங்கிவிடும். திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வை உணரி மின்னோட்டமாக மாற்றுகிறது. எந்த இடம் எவ்வளவு நேரம் இருண்டது என்பதிலிருந்து அகலங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. ஒப்பீடு என்பதால் சற்றுத் தள்ளிப் பிடித்தாலும், வேகமாக இழுத்தாலும் வாசிக்கும். 13 எண்களும் 95 சம கூறுகளுக்குள் அடங்கியிருக்கின்றன. வழக்கமான அளவில் ஒரு கூறின் அகலம் 0.33 மில்லிமீற்றர். இடப்பாதியும் வலப்பாதியும் வேறு விதமாக எழுதப்பட்டிருப்பதால் பக்கெற்றைத் தலைகீழாகப் பிடித்தாலும் இலக்கம் மாறாது. வாசித்து முடித்ததும் வருடி பெரும்பாலும் விசைப்பலகையைப் போலவே கணினியுடன் பேசும். யாரோ 13 எண்களைத் தட்டி ‘என்டர்’ விசையை அழுத்தியதாகவே கணினி எடுத்துக்கொள்கிறது.

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் சின்னம்மா மிளகாய்த்தூள் பொதி செய்து விற்கிறார். பெரிய கடை ஒன்று பட்டைக்குறி இருந்தால்தான் எடுப்போம் என்றது. இலக்கம் பெற்று, ஒட்டியும் அச்சடித்தாயிற்று. தூளின் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று அச்சகத்தில் பட்டைகளைச் சிவப்பில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க அழகுதான். ஒரு வருடியும் வாசிக்கவில்லை. சிவப்பு ஒளிக்குச் சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் ஒன்றே. இரண்டும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அத்தனை ஒட்டியும் வீண். சின்னம்மா அன்று சோர்ந்து உட்கார்ந்ததை மறக்க முடியவில்லை. வீட்டில் பண்டம் செய்து விற்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: வெள்ளையில் கறுப்பு மை. இரு ஓரங்களிலும் வெறும் வெள்ளை இடம் விடுங்கள். அது இல்லாவிட்டால் குறி எங்கே தொடங்குகிறது என்று வருடிக்குத் தெரியாது. உருண்டைப் போத்தலில் பட்டைகள் ஏணிப்படி போலக் கிடையாக அடுக்கியிருக்கட்டும். நிமிர்த்தி ஒட்டினால் வளைவில் ஓரப் பட்டைகள் மறைந்துவிடும். வெப்பத்தால் அச்சாகும் தாளை வெயில் படும் தட்டில் வைத்தால் எழுத்து மங்கும்.

கியூஆர் என்பதையும் பட்டைக்குறி என்று எழுதுகிறார்கள். அதில் பட்டையே இல்லை. 1994 இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களைத் தொடர்ந்து கண்காணிப்பதற்காக உருவாக்கிய குறி அது. கிடையாகவும் செங்குத்தாகவும், கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் தரவு இருக்கிறது. 2022 இல் எரிபொருளுக்காக நாடெங்கும் வரிசையில் நின்றபோது நம்மில் பலர் அதைக் கையில் ஏந்திப் பழகினோம். அதன் ஆங்கிலப் பெயரை நேராக மொழிபெயர்த்தால் ‘விரைவுத் துலங்கற்குறி’ என்று வரும். பெற்றோல் நிலையத்தில் நிற்பவர் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார். பட்டை இருந்தால் பட்டைக்குறி. கட்டம் இருந்தால் கட்டக்குறி.