தோண்டுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய ஆய்வகம்

ஆழ்நில ஆய்வகம் ஒன்றைத் திட்டமிடும் கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஆழத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை மீட்டர் இறங்கப் போகிறோம், குகை எவ்வளவு அகலம், மின்தூக்கி எத்தனை டன் தாங்கும் என்று பேச்சு வளரும். பாறையில் கருவிகளைப் பதித்துக் கண்காணிக்கும் வேலையை நெடுநாளாகச் செய்துவரும் எனக்கு அங்கே கேட்கத் தோன்றுவது வேறொன்று: தோண்டத் தொடங்குவதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அளக்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தவறு. ஓர் ஆய்வுச் சுரங்கத்தில் நீரழுத்தமானிகளைப் பதிக்க எங்கள் குழுவை அழைத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நுழைவுச் சுரங்கம் ஏற்கெனவே சில நூறு மீட்டர் உள்ளே போயிருந்தது. பக்கவாட்டில் துளையிட்டு, மானியை இறக்கி, துளையை அடைத்து, முதல் அளவை எடுத்தோம். மறுநாள் அளவு குறைந்திருந்தது. அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. பாறை விரிசல்களில் தேங்கியிருந்த நீர் நாங்கள் வருவதற்கு முன்பே சுரங்கத்துக்குள் வடியத் தொடங்கிவிட்டது. அந்த வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் கோடு தொடங்கும் புள்ளியிலேயே சரிந்துகொண்டிருக்கிறது. எந்த உயரத்திலிருந்து சரிந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

நிலத்தை ஆராய்வோர் இத்தகைய ஆய்வகங்களை ஆழத்தில் அமைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று அமைதி. தரைக்கு மேலே காற்று, மழை, வாகனம், பகல் வெப்பம், இரவுக் குளிர் எல்லாமே நுண்ணிய கருவிகளின் பதிவில் கலந்துவிடும். கீழே போகப் போக இவை அடங்கிவிடும். நிலவும் சூரியனும் இழுப்பதால் திடமான நிலமும் கடலைப் போல நாள்தோறும் ஏறி இறங்குகிறது. அந்த ஓதத்தால் பாறையில் உண்டாகும் திரிபு, அதாவது நீள மாற்றம், ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். ஜப்பானின் கமியோக்காவில், ஈர்ப்பலை ஆய்வுக்கான காக்ரா சுரங்கத்துக்குள் 1.5 கிலோமீட்டர் நீளமுள்ள லேசர் திரிபுமானியை நிறுவி இத்தகைய அசைவுகளைப் பதிவு செய்கிறார்கள். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் பழைய வெள்ளிச் சுரங்கம் ஒன்று, உலகின் மிக அமைதியான நிலநடுக்கப் பதிவு நிலையங்களுள் ஒன்றாக மாறியிருக்கிறது.

இரண்டாவது காரணம் பாறையே ஆய்வுப் பொருளாக இருப்பது. விரிசலில் நீர் எப்படி ஓடுகிறது, சூடேற்றினால் களிமண் பாறை என்ன செய்கிறது, அழுத்தம் ஏறும்போது ஒரு நிலப்பிளவு எந்தக் கணத்தில் நழுவுகிறது என்பவற்றை மேலிருந்து துளையிட்டு ஓரளவுக்குத்தான் அறிய முடியும். ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. பாறையைப் பார்க்க உள்ளே போக வேண்டும். உள்ளே போனாலோ அந்தப் பாறை பழைய பாறையாக இருப்பதில்லை. சுரங்கத்தின் விளிம்பில் தகைவு, அதாவது பாறைக்குள் இருக்கும் அழுத்தம், மாறுகிறது, நுண்விரிசல்கள் திறக்கின்றன, நீர் வடிகிறது. இந்தச் சேத வளையத்தைத் தவிர்க்க முடியாது. மாற்றத்துக்கு முந்தைய நிலை பதிவில் இருந்தால்தான் மாற்றத்தை அளந்து சொல்ல முடியும்.

இதை முறையாகச் செய்து காட்டியது சுவீடனின் ஆஸ்பெ ஆய்வகம். 1986 முதல் சில ஆண்டுகள் மேலிருந்தே துளைகளிட்டு நீர்மட்டம், பாறை வகை, விரிசல் மண்டலங்கள் ஆகியவற்றை ஆராய்ந்தார்கள். அந்தத் தரவுகளைக் கொண்டு, தோண்டும்போது எங்கே எவ்வளவு நீர் வரும், எந்த இடத்தில் பாறை மாறும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். பிறகு 1990 முதல் 1995 வரை 460 மீட்டர் ஆழம் வரை தோண்டிச் சென்று, எழுதிவைத்ததைக் கண்ணில் கண்டதோடு ஒப்பிட்டார்கள். கணிப்புகளில் சில பொருந்தின, சில பொருந்தவில்லை. எவை பொருந்தவில்லை என்பதுதான் அங்கே கிடைத்த அறிவு. இப்படித் தோண்டும் வேலையையே முதல் சோதனையாக ஆக்கிக்கொள்ளலாம். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது பொறுமை மட்டுமே. அதற்கு நிதி ஒதுக்குவோரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம், ஏனென்றால் முதல் நான்கைந்து ஆண்டுகளுக்குப் படமெடுத்துக் காட்ட எதுவுமே இருக்காது.

தகைவு அளவீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலிருக்கும் பாறையின் எடையால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 27 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) செங்குத்துத் தகைவு கூடுகிறது. இந்தக் கணக்கு எளிது என்பதால் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் இருந்த கிரானைட் ஆய்வகத்தில் 420 மீட்டர் ஆழத்தில் செங்குத்துத் தகைவு சுமார் 11 மெகாபாஸ்கல்தான். ஆனால் கிடைமட்டத்தில் ஒரு திசையில் 60, மற்றொரு திசையில் 45 மெகாபாஸ்கல் இருந்தது. அங்கே 3.5 மீட்டர் விட்டமுள்ள வட்டச் சுரங்கம் ஒன்றை, வெடிமருந்து பயன்படுத்தாமல், மிகுந்த கவனத்தோடு குடைந்தார்கள். அப்படிக் குடைந்தும் கூரையிலும் தரையிலும் பாறை தாள்தாளாக உரிந்து, ஆங்கில வி எழுத்தின் வடிவத்தில் பள்ளம் விழுந்தது. வட்டத் துளையின் விளிம்பில் தகைவு குவியும் விதத்தைக் கணக்கிட்டால், பெரிய தகைவின் மும்மடங்கிலிருந்து சிறியதைக் கழிக்க, 170 மெகாபாஸ்கலுக்கு நெருங்கிய எண் வருகிறது. அவ்வளவு அழுத்தத்தை அந்தக் கிரானைட்டின் விளிம்பு தாங்கவில்லை. இத்தகைய இடத்தில் குகை எந்தத் திசையில் நீள வேண்டும், அதன் குறுக்குவெட்டு வட்டமாக இருக்க வேண்டுமா, நீள்வட்டமாக இருக்க வேண்டுமா என்பதை, தகைவை நேரில் அளந்த பிறகுதான் வரைபடத் தாளில் வரைய வேண்டும்.

புதிதாகத் தோண்டுவதா, இருக்கும் சுரங்கத்தைப் பயன்படுத்துவதா என்பது அடுத்த பெரிய முடிவு. சுவிட்சர்லாந்தின் மோன் தெரி ஆய்வகம் 1996 முதல் ஒரு நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் பாதுகாப்புப் பாதையிலிருந்து கிளைத்து வளர்ந்தது. அதே நாட்டின் பெட்ரெட்டோ ஆய்வகம், ரயில் சுரங்கம் கட்டியபோது துணைக்குக் குடையப்பட்டுப் பிறகு பயனற்றுக் கிடந்த பாதையில் 2019-இல் தொடங்கப்பட்டது. அதன் மேலே ஒரு கிலோமீட்டருக்கும் மேலான பாறை இருக்கிறது. இவ்வகை ஏற்பாட்டில் செலவு மிகவும் குறைகிறது. ஆனால் தொடக்க நிலைத் தரவு போனது போனதுதான். பழைய சுரங்கம் பல பத்தாண்டுகளாக நீரை வடித்துக்கொண்டே இருந்திருக்கும். ஆகவே அதன் சுவரிலிருந்து விலகி, சேத வளையத்தைத் தாண்டி, தொலைவுத் துளைகளில் கருவிகளைப் பதிப்பதற்கான நிதியைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மூடப்பட்ட சுரங்கங்களை எடுப்பதில் இன்னொரு அபாயம் உண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இருந்த ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 2.4 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. உற்பத்தி நின்ற பிறகு 2003-இல் நீரேற்றும் பம்புகள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் நீர், தரையிலிருந்து கீழே 4,530 அடி மட்டம் வரை ஏறிவிட்டது. அங்கே ஆய்வகம் அமைக்கத் தீர்மானித்த பிறகு மீண்டும் பம்புகளை நிறுவி, நீரை இறைத்து, 4,850 அடி மட்டத்தை 2009-இல்தான் மீட்டார்கள். அந்த ஆண்டுகளில் கீழே மின்கம்பிகளுக்கும் தண்டவாளங்களுக்கும் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பம்புச் செலவு ஆய்வகத்தின் ஆயுள் முழுவதும் நிற்காமல் வரும் செலவு. ஆராய்ச்சி நிதி குறையும் ஆண்டில் அதை நிறுத்திவைக்கலாம் என்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

அதே ஹோம்ஸ்டேக்கில் வேறொரு பாடமும் இருக்கிறது. அங்கே இயற்பியல், நிலவியல், உயிரியல் எல்லாவற்றுக்கும் பொதுவான மாபெரும் ஆழ்நில ஆய்வகம் ஒன்று திட்டமிடப்பட்டது. அதற்கு மேலும் நிதி வழங்க அந்நாட்டின் தேசிய அறிவியல் வாரியம் 2010 டிசம்பரில் மறுத்துவிட்டது. பிறகு எரிசக்தித் துறையின் ஆதரவில் இயற்பியலை முதன்மையாகக் கொண்டு ஆய்வகம் தொடர்ந்தது. ஒரே குகையில் இயற்பியலும் நிலவியலும் இருக்கலாம், இருந்தும் வருகின்றன. ஆனால் அவற்றின் தேவைகள் எதிரெதிரானவை என்பதைத் திட்டமிடும்போது வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். இயற்பியலாளருக்கு உலர்ந்த, தூய்மையான, அசையாத குகை வேண்டும். விரிசலில் நீர் கசிந்தால் சிமென்ட் கலவையைச் செலுத்தி அடைக்கச் சொல்வார். நிலவியலாளருக்கோ அந்தக் கசிவுதான் ஆய்வுப் பொருள்.

அந்தச் சிமென்ட் கலவை நீரை நிறுத்துவதோடு நிற்பதில்லை. அதன் வழியே கசியும் நீர் கடும் காரத்தன்மை பெற்றுப் பாறையின் கனிமங்களோடு வினைபுரிகிறது. சுவரில் பீய்ச்சும் கான்கிரீட்டான ஷாட்கிரீட், பாறை ஆணிகளின் இரும்பு, துளையிடும்போது பயன்படுத்தும் நீர், வெடிமருந்தின் நைட்ரேட், நம் காலணியில் ஒட்டிவரும் நுண்ணுயிர் எல்லாம் இப்படியே. கனடாவின் கிட் க்ரீக் சுரங்கத்தில் 2.4 கிலோமீட்டர் ஆழத்தில் கிடைத்த நீர் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வெளியுலகத் தொடர்பின்றி இருந்தது என்று 2013-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் 2.8 கிலோமீட்டர் ஆழத்து நீரில், சூரிய ஒளியின் தயவின்றி, ஏறத்தாழத் தனித்தே வாழும் ஒரு நுண்ணுயிரியைக் கண்டார்கள். இத்தகைய நீரை ஒரே ஒரு முறைதான் கலப்படமில்லாமல் பிடிக்க முடியும். துளையிடும் நீரில் அடையாளச் சாயம் கலந்து வைத்தால், மாதிரியில் நம் நீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையாவது பின்னர் கணக்கிடலாம். சிறிய வேலைதான், ஆனால் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

காற்றோட்டத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கதிரியக்கமுள்ள ரேடான் வாயுவை அகற்றவும் பாறை வெப்பத்தைத் தணிக்கவும் காற்று ஓடியே ஆக வேண்டும். ஓடும் காற்று சுவரின் ஈரத்தை உறிஞ்சி, களிமண் பாறையைச் சுருங்கவைத்துப் பிளக்கிறது. அளவீட்டு அறைகளைக் காற்றுப் புகாத இரட்டைக் கதவுகளால் பிரித்து, விசிறிகளையும் பம்புகளையும் அவற்றிலிருந்து தொலைவில் வைப்பது வழக்கம். இரண்டாவது வெளியேறும் வழி, தீப்பிடித்தால் ஒதுங்கும் அறை, உள்ளே இருப்போரின் எண்ணிக்கைப் பலகை ஆகியவை விதிகளில் இருக்கின்றன. அவற்றில் பேரத்துக்கு இடமில்லை.

இனி கருவிகள். 30 ஆண்டு கண்காணிப்பு என்று எழுதுவது எளிது, 30 ஆண்டு தாங்கும் கருவி அரிது. சுவிட்சர்லாந்தின் கிரிம்செல் ஆய்வகத்தில் அணுக்கழிவைப் புதைப்பது பற்றிய ஃபெபெக்ஸ் என்ற சோதனையில், 1997-இல் கிரானைட் சுரங்கத்துக்குள் பென்டோனைட் களிமண் சூழ வெப்பக் கலன்களை வைத்துச் சூடேற்றினார்கள். ஒன்றை 2002-இல் பிரித்தெடுத்தார்கள். மற்றொன்று 2015 வரை சூடேற்றிக்கொண்டிருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு களிமண்ணைக் கட்டி கட்டியாக வெட்டியெடுத்து, உணரிகள் அதுவரை சொல்லிவந்ததைக் கையில் கிடைத்த ஈரத்தோடும் அடர்த்தியோடும் சரிபார்க்க முடிந்தது. பிரித்துப் பார்ப்பதையும் சோதனையின் ஒரு பகுதியாகவே செய்ததால்தான் அது முடிந்தது.

என் அனுபவத்தில், உணரியின் தலை பழுதாவதை விடக் கம்பி பழுதாவதே அதிகம். துளையின் வாயில் கம்பியுறையில் விழும் ஒரு சிறு கீறல் போதும். ஆழத்து நீரழுத்தம் உறைக்குள்ளேயே நீரைத் தள்ளிக்கொண்டு போய், பல மீட்டர் தள்ளியிருக்கும் இணைப்புப் பெட்டியில் சொட்டவிடும். பெட்டியைத் திறந்து பார்க்கும் வரை, பாறையில் ஏதோ நடக்கிறது என்று அறிக்கை எழுதிக்கொண்டிருப்போம். அதனால் முக்கியமான ஒவ்வோர் இடத்திலும் வேறுபட்ட தத்துவத்தில் இயங்கும் இரண்டு கருவிகளைப் பதிப்பேன்: ஒரு மின்னணு உணரி, அதனருகே ஓர் ஒளியிழை, அல்லது கையால் படிக்கும் சாதாரண முள் மானி. அழகற்ற அந்த முள் மானி எத்தனை முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது என்று கணக்கில்லை.

கருவியை விடவும் குறைந்த ஆயுள் கொண்டது அதைப் பற்றிய நினைவு. எந்தத் துளையில், எந்த ஆழத்தில், எந்தத் திசை நோக்கி, எந்தத் தேதியில் பதித்தோம், சுழியம் எதுவாக எடுத்தோம், எப்போது மானியை மாற்றினோம் என்பவை பதித்தவரின் தலையிலும் குறிப்பேட்டிலும் இருக்கும்; அவர் ஓய்வு பெறுவார், தரவைச் சேமித்த மென்பொருள் பத்தாண்டில் வழக்கொழியும். ஓர் இடத்தில், அளவுகள் திடீரென ஒரு படி ஏறியிருந்ததற்கு மூன்று பேர் மூன்று நிலவியல் விளக்கங்கள் எழுதியிருந்தார்கள். பழைய பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய "கேபிள் மாற்றப்பட்டது" என்ற இரண்டு சொற்கள் மூன்றையும் முடித்துவைத்தன. தரவை எளிய எழுத்துக் கோப்பாகவும் சேமிக்க வேண்டும், பதிவேட்டைப் பராமரிக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று நான் திட்ட அறிக்கைகளில் எழுதும்போது, சிக்கனம் கருதி முதலில் அடிக்கப்படும் வரி அதுவாகவே இருக்கிறது.

முடிவு நாளையும் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஜப்பானின் மிசுனாமி ஆய்வகம் கிரானைட்டில் 500 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. நிலத்தைத் திருப்பித் தர வேண்டிய கெடு 2022 ஜனவரி என்பதால், அதற்குள் குழிகளும் பாதைகளும் நிரப்பி மூடப்பட்டன. பம்புகள் நின்று, சுரங்கம் நிரம்பும்போது சுற்றுப்பாறையில் நீரழுத்தம் மீண்டும் ஏறுவது தன்னளவிலேயே அரிய சோதனை. அதைப் பதிவு செய்ய, உள்ளே யாரும் போக முடியாத நிலையிலும் மேலிருந்து படிக்கக்கூடிய துளைகள் வேண்டும். அவை தோண்டுவதற்கு முன் இட்ட துளைகளாக இருந்தால், முதல் நாள் எழுதிய எண்ணுக்கு நீர் திரும்பி வருகிறதா என்று பார்க்கலாம். என்னிடம் இருக்கும் அந்தச் சரியும் வரைபடத்துக்கு அப்படி ஒரு எண் இல்லை.