எண்ணுக்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்

போன மாதம் ஒருநாள், இரவு பத்தரை மணி. லேபை மூடும் நேரத்தில் ஒருவர் தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. "டிரோபோனின் பாருங்க சார். நார்மல்னா வீட்டுக்குப் போய்ப் படுத்துடுவேன்" என்றார். எப்போதிருந்து நெஞ்சை அழுத்துகிறது என்று கேட்டேன். சாப்பிட்டு எழுந்ததிலிருந்து, முக்கால் மணி நேரமாக. கேஸ் என்று நினைத்து ஒரு சோடாவும் குடித்துப் பார்த்திருக்கிறார்.

நான் ரத்தம் எடுக்கவில்லை. உட்காரவைத்து 108-ஐ அழைத்தேன். "பணம் கொடுக்கிறேன்னு சொல்றேன், டெஸ்ட் எடுக்க மாட்டேங்கிறீங்களே" என்று கோபப்பட்டார். அவர் கேட்டபடி எடுத்திருந்தால் அநேகமாக நார்மல் என்றுதான் வந்திருக்கும். என் பயமே அதுதான்.

டிரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். ஆனால் வலி தொடங்கிய நிமிடமே கசிந்து வந்துவிடாது. பழைய முறைப் பரிசோதனையில் தெரிய மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். இப்போதைய அதிநுட்ப முறையில் ஒன்று முதல் மூன்று மணி நேரம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை எடுத்ததோடு விடாமல், ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். இரண்டு எண்களுக்கும் நடுவில் ஏற்றம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மாரடைப்பு இல்லாமலேயே இது கூடியிருக்கும்; மாரடைப்பு வந்தவர்களுக்கோ ஒரு வாரத்துக்கு மேலும் இறங்காமல் நிற்கும். நெஞ்சுவலிக்கு முதல் வேலை ஈசிஜி, அதுவும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள். அன்றிரவு வந்தவருக்கு ஈசிஜியிலேயே மாரடைப்பு தெரிந்துவிட்டதாம். டிரோபோனினுக்குக் காத்திருக்காமல் அடைப்பை எடுத்துவிட்டார்கள்.

இடையில் ஒன்று. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் சில கருவிகளில் டிரோபோனினைக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே எச்சரித்த விஷயம் இது.

காலையில் வரும் கூட்டம் வேறு. மாசமாக இருக்கும் பெண்கள், கூடவே அம்மாவோ மாமியாரோ. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுப்போம். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறு தேவையில்லை. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்ணைப் பட்டினி போட வேண்டாம் என்று யோசித்து இந்த முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. முதல் செக்கப்பிலேயே ஒரு தடவை, அதில் இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை.

சொல்ல எளிது. "பதினொன்றே காலுக்கு பஸ் சார், இப்பவே எடுத்துடுங்க" என்பார் மாமியார். ஒன்றேகால் மணி நேரத்தில் எடுத்தால் சர்க்கரை பொதுவாக இன்னும் உச்சத்தை ஒட்டியே இருக்கும். இல்லாத நோயை ஒட்டிவிடுவோம். எடுத்த ரத்தத்தைச் சாதாரண ட்யூபில் மேஜைமேல் போட்டுவைத்தால் தலைகீழ். ரத்த அணுக்கள் ட்யூபுக்குள்ளேயே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை. 142 என்று வரவேண்டியது இரண்டு மணி நேரத்தில் 125 பக்கம் இறங்கிவிடும். சர்க்கரைக்கென்று சாம்பல் நிற மூடி போட்ட ட்யூப் இருப்பது இதற்குத்தான். அணுக்கள் தின்பதைத் தடுக்க அதிலுள்ள ஃபுளோரைடும் உடனே வேலை செய்யாது, ட்யூபைச் சீக்கிரம் கருவியில் சுற்றி அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அன்றைக்கு டெஸ்ட் கிடையாது, மறுநாள் வரவேண்டும்.

"அந்த இனிப்புத் தண்ணி குமட்டுது, மூணு மாசச் சராசரி பார்த்துடலாமே" என்று கேட்கிறவர்களும் உண்டு. எச்பிஏ1சி-யைச் சொல்கிறார்கள். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அது குறைவாகக் காட்டும். இரும்புச் சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் கூட்டிக் காட்டும். நம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று சொல்ல வேண்டுமா? அதுவும் போக, பல பேருக்கு சர்க்கரை ஏறுவதே பாதி கர்ப்பத்துக்குப் பிறகுதான். மூன்று மாசச் சராசரியில் அது நாள் கடந்துதான் தெரியும்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் மறுபடி 75 கிராம் டெஸ்ட் எடுக்க வேண்டும். எங்கள் லேபில் இதற்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைக்குத் தடுப்பூசி போடத் தவறாமல் போகிற அதே அம்மாக்கள்தான். இவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்குக் குறையாது. இதய நோய்க்கான வாய்ப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதனால் இப்போது கொலஸ்ட்ரால் பார்க்க வரும் பெண்களிடம், கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டு ஃபாரத்தில் குறித்துக்கொள்கிறோம். போன வாரம் வந்தவருக்கு 42 வயது. "சின்னவன் வயித்துல இருந்தப்ப சுகர் இருந்துச்சு. அது பிரசவத்தோட போயிடுச்சே சார்" என்றார். சின்னவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கொழுப்போடு சர்க்கரையும் பார்த்தோம். வெறும் வயிற்றில் 138. நோய் என்று சொல்ல 126 போதும், ஆனாலும் இன்னொரு நாள் எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். வரும்போது பழைய பிரசவ ஃபைலையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பரணில்தான் கிடக்கும், பையனை ஏறச் சொல்கிறேன் என்றார்.