கடற்பஞ்சு தந்த மருந்தும் மேற்கோள் கணக்கும்

மண்டபம், பாம்பன் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் குடும்பங்களின் கைப்பேசிக்கு அவ்வப்போது ஒரு செய்தி வந்து சேரும்: மன்னார் வளைகுடாப் பாசியில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறதாம். கண்டுபிடித்தவர் இத்தனை கட்டுரைகள் எழுதியவர், இத்தனை ஆயிரம் மேற்கோள்கள் பெற்றவர் என்ற அறிமுகமும் கூடவே இருக்கும். பாசிக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம்.

ஓர் ஆய்வாளர் தன் வேலைக்கு அடிப்படையாக இருந்த பழைய கட்டுரைகளைத் தன் கட்டுரையின் கடைசியில் பட்டியலிடுவார். அதில் இடம்பெறும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு மேற்கோள் சேரும். அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட் இந்தப் பட்டியல்களைத் திரட்டி, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு கட்டுரையை யார் யார் பயன்படுத்தினார்கள் என்று தேடுவதற்கான கருவி அது. நாளடைவில் அதை வைத்தே ஆளையும் அளக்கத் தொடங்கினார்கள்.

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், ஓர் ஆய்வாளரை ஒற்றை எண்ணால் அளக்கும் எச்-இன்டெக்ஸைக் கொண்டுவந்தார். ஒருவருடைய 10 கட்டுரைகள் தலா 10 மேற்கோளாவது பெற்றிருந்து, 11 கட்டுரைகள் தலா 11ஐத் தொடவில்லை என்றால் அவருடைய எச் 10. இன்னொருவர் வாழ்நாளில் மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் மேற்கோள் பெற்றாலும் அவருடைய எச் 3தான். வயது கூடக் கூட இந்த எண் ஏறும், இறங்கவே இறங்காது. கட்டுரையில் முப்பது பேர் பெயர் இருந்தால் முப்பது பேருக்கும் மேற்கோள் முழுதாகச் சேரும். புற்றுநோய் ஆய்வில் வழக்கமாக முதல் பெயர் அதிகம் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவர்களின் பங்கு எண்ணில் தெரியாது.

சில நேரம் எண்ணும் செல்வாக்கும் ஒத்துப்போகும். டக்ளஸ் ஹனஹானும் ராபர்ட் வைன்பெர்கும் 2000இல் ‘செல்’ இதழில் புற்றணுவின், அதாவது புற்றுநோய் உயிரணுவின், பொது இயல்புகளைத் தொகுத்து எழுதினார்கள். அதில் புதுச் சோதனை எதுவும் இல்லை. ஆனால் துறையே அதன் வழியாக யோசிக்கத் தொடங்கியது, மேற்கோள்களும் பல்லாயிரமாகக் குவிந்தன.

ஒத்துப்போகாத கதைதான் எனக்கு முக்கியம். யேல் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரிகளின் வேதியியலை ஆராய்ந்த வெர்னர் பெர்க்மன், ஃபுளோரிடாக் கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சில் (கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்கு அது) விசித்திரமான பொருள்களைக் கண்டார். பார்ப்பதற்கு டிஎன்ஏவின் உறுப்புகள் போலவே இருக்கும், ஆனால் அவற்றில் இருந்த சர்க்கரை வேறு. 1951இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த அமைப்பைப் பின்பற்றி வேதியியலாளர்கள் பின்னால் சைட்டராபின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். பெருகுகிற உயிரணு தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது சைட்டராபினைத் தன் சரக்கு என்று நம்பிக் கோத்துக்கொள்கிறது. சர்க்கரை மாறியிருப்பதால் நகலெடுப்பு தடைபட்டு அணு சாகிறது. 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, தீவிர ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கியமான மருந்து. கட்டுரைக்கும் மருந்துக்கும் நடுவே 18 ஆண்டுகள். எந்தப் பதவி உயர்வுக் குழு அவ்வளவு காலம் காத்திருக்கும்? ஆய்வாளரை அவர் கட்டுரை வந்த இதழின் மேற்கோள் மதிப்பெண்ணை வைத்து எடைபோட வேண்டாம் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் கேட்டுக்கொண்டதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இப்போது பாசிக்கு வருவோம். ஆய்வகத் தட்டில் வளர்க்கும் புற்றணுக்கள்மேல் பாசிச் சாற்றை விட்டுப் பார்ப்பது முதல் படி. அடர்த்தியைக் கூட்டினால் எத்தனையோ பொருள்கள் அந்த அணுக்களைக் கொல்லும். இப்படிப்பட்ட கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டிக்கொண்டே போனால், ஒரு மூலக்கூறைக்கூடப் பிரித்தெடுக்காமலே ஒருவரின் எச் நன்றாக உயரும். ஆகவே கேட்க வேண்டியது வேறு. எந்த மூலக்கூறு? நல்ல அணுக்களை அது விட்டுவைத்ததா? விலங்குகளில் வேலை செய்ததா? இன்னோர் ஆய்வகம் செய்து பார்த்து அதே முடிவுக்கு வந்ததா? மனிதர்களிடம் சோதிக்காத வரை அது மருந்தல்ல. செய்தியை நம்பி யாரும் சிகிச்சையை நிறுத்திவிட்டுப் பாசியைக் காய்ச்சிக் குடிக்கக் கூடாது.

ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றில், புற்றணுவைக் கொல்லும் ஹாலிகான்ட்ரின் என்ற பொருளை 1986இல் கண்டறிந்தபோது, 600 கிலோ பஞ்சிலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 12 மில்லிகிராம். ஹார்வர்டின் யோஷிடோ கிஷி 1992இல் அதைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டினார். அதன் எளிய வடிவமான எரிபுலின், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010இல் அனுமதி பெற்றது. அப்படி ஒரு மூலக்கூறு மன்னார் வளைகுடாவில் கிடைத்தாலும் அதற்காகக் கடலை அரிக்க வேண்டியிருக்காது. முதல் மாதிரி மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

அந்த மாதிரியை எடுத்துத் தருவதில் நம் ஊர்ப் பெண்களுக்குப் பங்கு உண்டு. மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) இருக்கும், கஞ்சிப்பாசி எப்போது செழிக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. இடமும் பருவமும் மாறினால் பாசியின் வேதிப்பொருள்களும் மாறும். ‘மண்டபம் கடற்கரையில் சேகரித்தோம்’ என்ற ஒற்றை வரியை வைத்து வேறோர் ஆய்வகம் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. எந்தப் பார், எந்த மாதம், எவ்வளவு ஆழம் என்பதோடு, அவர்கள் சம்மதித்தால் எடுத்துத் தந்தவரின் பெயரும் கட்டுரையில் வர வேண்டும்.