சல்லி அரிக்க எந்த வலை?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் கம்பி வலை வாங்கப் போகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது கம்பியின் தடிப்பைத்தான். தடித்த கம்பி நெடுநாள் உழைக்கும் என்பது கணக்கு. வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும் அது சரி. கிறஷரில் உடைத்த கருங்கல்லைச் சல்லியாகப் பிரிக்கும் அதிர்வு அரிதட்டுக்கு அது பாதிக் கணக்கு.

அங்கே கல்லைப் பிரிப்பது ஓட்டை. 20 மில்லிமீற்றர் சதுர ஓட்டையும் 5 மில்லிமீற்றர் கம்பியும் என்றால், வலையின் பரப்பில் 64 சதவீதம் திறந்திருக்கும். அதே ஓட்டைக்கு 8 மில்லிமீற்றர் கம்பி போட்டால் 51 சதவீதமாக இறங்கிவிடும். வலை கூடுதலாக உழைக்கும். ஆனால் கீழே விழவேண்டிய சல்லியில் ஒரு பங்கு விழாமலே ஓடி, பெரிய கல்லோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

ஓட்டையை விடச் சிறிய கல் ஏன் விழாமல் போகிறது? அதிர்வில் கற்குவியல் தளர்ந்து, சின்னக் கற்கள் இடுக்குகளில் புகுந்து அடிக்கு வந்துவிடும். பெரியவை மேலே மிதக்கும். அப்புறம் ஒவ்வொரு துள்ளலும் ஒரு முயற்சி. உருண்டைக் கல் ஒன்று செங்குத்தாக விழுகிறது, கம்பியில் உரசாமல் நுழைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 5 மில்லிமீற்றர் கம்பி வலையில் 10 மில்லிமீற்றர் கல் 100 தடவையில் 16 தடவை நுழையும். 18 மில்லிமீற்றர் கல்லுக்கு 1000 தடவையில் ஆறேழு வாய்ப்புத்தான். வலை தெரிவில் தலையிடி தருவது இந்த ஓட்டை அளவை ஒட்டிய கற்களே. இவற்றில் சற்றுப் பெரியவை ஓட்டையில் ஆப்புப்போல இறுகி உட்கார்ந்துகொள்ளும். சுத்தியலால் தட்டித்தான் எடுக்கவேண்டும்.

இன்னொரு அடைப்பு ஈரத்தால் வருவது. புட்டுக்கு மா அரிக்கும்போது மாவில் ஈரம் கூடினால் அரிதட்டு மூடிக்கொள்ளுமே, அதேதான். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையில் நனைந்த கல்தூள் கம்பியில் ஒட்டி, ஓட்டையைச் சுற்றிலுமிருந்து மூடிவிடும். இதற்குக் குறுக்குக் கம்பி இல்லாத வலை உண்டு. நெளிந்த நெடுங்கம்பிகளைப் பட்டைகளால் ஆங்காங்கே பிணைத்திருப்பார்கள். ஒவ்வொரு கம்பியும் தன்பாட்டில் துடிப்பதால் ஒட்டியது உதிரும், சிக்கிய கல்லும் கழன்றுவிடும்.

நீண்ட ஓட்டை போட்டாலும் அடைப்புக் குறையும். ஆனால் தட்டையான, நீளமான சில்லுகளும் அதனூடாக இறங்கிவிடும். கொங்கிறீற்றுக்கு அவை நல்லதல்ல. கட்டடத்துக்குச் சல்லி விற்பவர் இதை இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

றப்பர், பொலியூரித்தேன் (றப்பர் போன்ற ஒருவகை பிளாஸ்டிக்) தட்டுகளின் கதை வேறு. பெரிய கல் உயரத்திலிருந்து வந்து மோதும் இடத்தில் றப்பர் அடியை வாங்கிக்கொள்ளும், சத்தமும் குறையும். தண்ணீர் பாய்ச்சிக் கழுவி அரிக்கும் இடத்தில் பொலியூரித்தேன், உருக்குக் கம்பியை விடப் பல மடங்கு தேய்மானம் தாங்கும். ஓட்டைகளும் கீழே போகப்போக அகலும்படி வார்க்கப்பட்டிருப்பதால், வாயில் நுழைந்த கல் இடையில் நிற்காது. இதற்குக் கொடுக்கும் விலை, இரண்டிலும் திறந்த பரப்பு குறைந்துவிடுவது. கம்பி வலையில் சமாளித்த உற்பத்தியை அதே இயந்திரத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கல் வந்து விழும் தலைப்பகுதிக்கு றப்பரும் மீதிக்குக் கம்பியும் என்று கலந்து போடுவது என் கணக்கில் புத்தியான செலவு, அரிதட்டின் தாங்கு சட்டம் இடம் கொடுத்தால்.

எதைத் தெரிவு செய்தாலும் கம்பி வலை என்றால் இழுவை முக்கியம். தளர்ந்த வலை தாங்கு சட்டத்தில் அடித்து அடித்து, தேய்வதற்கு முன்பே களைத்து முறியும். அதனால் புதிய வலையைச் சில மணிநேரம் ஓடவிட்டு, நிறுத்தி, போல்ட்டுகளை மறுபடி இறுக்குவார்கள். ஒரு கம்பி அறுந்தாலே முக்கால் அங்குலச் சல்லிக் குவியலில் அளவுக்கு மிஞ்சிய கல் கலந்துவிடும். அப்படியொரு லொறி கட்டட வேலைத்தலத்துக்குப் போனால், பெரும்பாலும் கொட்டாமலே திரும்பி வரும்.