ஈரக் காற்சட்டையும் இறுகின வயிறும்

மார்கழி பிறந்தால் போதும். தடிமன், சளி என்று பிள்ளையைக் கொண்டுவரும் அம்மாமார் எழும்பிப் போகிற நேரத்தில் இன்னொரு கேள்வியையும் கேட்பார்கள். "ஜனவரியில நேர்சரியில சேர்க்க வேணும் டொக்டர். இவன் இன்னும் பம்பர்ஸ் விட்டபாடில்லை. என்ன செய்யிறது?"

திருகோணமலையில் குழந்தைகளைப் பார்க்கும் எனக்கு இது பழகின கேள்வி. ஆனால் இதற்கு ஒரே பதில் கிடையாது. சிலரிடம் கழிப்பறைப் பயிற்சியை "விடாமல் தொடருங்கோ" என்கிறேன். சிலரிடம் "இன்றைக்கே நிறுத்துங்கோ" என்கிறேன். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறேன் என்பதை இரண்டு பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாவது, உவர்மலைப் பக்கத்திலிருந்து வந்த பையன். வயது 2 வருடம் 8 மாதம். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த கார் பொம்மையைப் போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கிடத்திப் பார்க்கும் கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றான். கட்டில் காலை இரண்டு கையாலும் பிடித்து, குதியைத் தூக்கி நுனிக்காலில் நின்று, தொடையை இறுக்கிக்கொண்டான். முகம் சிவந்துவிட்டது.

"பாருங்கோ டொக்டர், நாலு நாளா இப்பிடித்தான். முக்கி முக்கிப் பாக்கிறான், வருதில்லை."

"அவன் முக்கவில்லை அம்மா. அடக்குகிறான்."

இந்த ஒரு காட்சியை எல்லாப் பெற்றோரும் அடையாளம் காணப் பழக வேண்டும். மலம் கழிக்க முயலும் பிள்ளை முழங்காலை மடக்கும், குந்தும். அடக்கும் பிள்ளை காலை நீட்டி விறைப்பாக்கும், பின்பக்கத்தை இறுக்கும், திரைச்சீலைக்குப் பின்னாலோ அலுமாரிக்குப் பக்கத்திலோ ஒளியும். இரண்டிலும் முகம் சிவப்பதால் வீட்டில் ஏமாந்துபோகிறோம். அந்தப் பையனைக் கிடத்தி அடிவயிற்றின் இடது பக்கத்தைத் தொட்டால், கையில் உருண்டையாகவே தட்டுப்பட்டது.

கேட்டுப் பார்த்ததில் கதை வந்தது. ஒரு நாள் மலம் இறுகிப் போய் வலித்திருக்கிறது. அதற்கு முதல் வாரம்தான் பொட்டி, அதாவது பிள்ளைகள் இருந்து மலம் கழிக்கும் சிறு இருக்கை, வாங்கியிருந்தார்கள். பிறகு ஒவ்வொரு காலையும் அப்பம்மா தோளைப் பிடித்து அவனை அதில் இருத்தி வைக்க, அவன் கத்த, அதுவே வழக்கமாகிவிட்டது. வலிக்குப் பயந்து அடக்குகிறான். அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சி மலத்தை இன்னும் கல்லாக்குகிறது. அடுத்த முறை இன்னும் வலி. இது வாரக்கணக்கில் நீண்டால் மலக்குடல் விரிந்து, வருகிறது என்ற உணர்வே மங்கிவிடும். கட்டியைச் சுற்றித் தண்ணீர்போல மலம் கசிந்து காற்சட்டையில் படும். அதைப் பார்த்து வயிற்றோட்டம் என்று மருந்து கொடுத்தவர்களும் உண்டு, வேண்டுமென்றே செய்கிறான் என்று அடித்தவர்களும் உண்டு.

பயிற்சியை நிறுத்தச் சொன்னேன். பம்பர்ஸைத் திரும்பப் போடச் சொன்னேன். மலத்தை இளக்கும் மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு நாள் போனவுடன் நிறுத்தக்கூடாது, சில மாதங்கள் போகலாம் என்றேன். போத்தலில் நாளுக்கு ஐந்து முறை குடித்த பால்மாவைக் குறைத்து, தண்ணீர், பப்பாசி, கீரை, பருப்பைக் கூட்டச் சொன்னேன். சவர்க்காரத் துண்டோ எண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்போ வைத்துப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். பயந்திருக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு பயம், காயமும் வரலாம்.

கூட வந்த அப்பம்மாவுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. "என்ர மூண்டு பிள்ளையளும் ஒரு வயசிலயே ஒழுங்காப் போனதுகள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்திலும் குழந்தையை இருத்தி, "சூ..." என்று ஓசை எழுப்பும் அந்த முறை நம் முற்றங்களில் வேலை செய்த ஒன்றுதான். கிழக்கு ஆபிரிக்காவின் டிகோ மக்கள் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே இப்படிப் பழக்கத் தொடங்குவதை 1977இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஆனால் அங்கே முதலில் பழகுவது பெரியவர்தான். பிள்ளையின் முகச்சுளிப்பை வைத்தே நேரத்தைப் பிடித்துவிடுவார். அதற்கு நாள் முழுக்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், நனைந்தாலும் பரவாயில்லை என்ற மண் முற்றமும் வேண்டும். இரண்டரை வயதுப் பிள்ளை வேறு ஆள். "மாட்டேன்" என்று சொல்லப் பழகிவிட்டவன். வீட்டில் அவனுக்கென்று முழு அதிகாரம் உள்ள ஒரே இடம் அவன் வயிறு.

இரண்டாவது, கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மகள். 2 வருடம் 4 மாதம். உம்மா களைத்துப்போயிருந்தார். "நாளைக்கு நாலு அஞ்சு தரம் நனைக்கிறா. விட்டுடலாமா டொக்டர்?" ஆனால் அந்தப் பிள்ளை நனைத்தவுடன் ஓடிவந்து "சூ போயிட்டு" என்று சொல்லி, துடைக்கிற துணியையும் தானே இழுத்துக்கொண்டு வருகிறாளாம். பகலில் இரண்டு மணி நேரம் உலர்ந்தே இருக்கிறாள். காற்சட்டையைத் தானே இறக்குகிறாள். மலம் இளகித்தான் போகிறது. எண்ணிப் பார்த்தால் பையனைவிட இவளுக்குத்தான் 'தவறு' அதிகம். தொடரச் சொன்னது இவளைத்தான். போன பிறகு சொல்கிறவள், போகும்போது சொல்வாள், அப்புறம் போகுமுன் சொல்வாள். வரிசை அப்படித்தான்.

ஆகவே வீட்டில் நனைந்த காற்சட்டைகளை எண்ண வேண்டாம். பொட்டியைக் கண்டவுடன் பிள்ளையின் உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். தளர்வாக இருக்கிறதா, ஏதாவது ஒன்றைத் தானாகச் செய்கிறதா, இரண்டு மூன்று வாரம் பொறுமையாகத் தொடரலாம். சாப்பிட்டவுடன் குடல் அசையும். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் இருத்திப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். கால் தொங்கக்கூடாது, பாதம் ஊன்ற ஒரு பலகை போடுங்கள். உடம்பு விறைக்கிறதா, ஒளிகிறதா, மலத்தை அடக்குகிறதா, நிறுத்துங்கள். புதுத் தம்பி பிறந்திருந்தாலும், அம்மா வெளிநாடு போயிருந்தாலும், காய்ச்சலில் கிடந்து எழும்பியிருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

நிறுத்துவது தோல்வி இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்வேன். 2003இல் அமெரிக்காவில் சுமார் 400 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 27 மாதத்துக்கு முன் மும்முரமாகப் பழக்கத் தொடங்கியவர்கள் அதனால் முந்தி முடிக்கவில்லை. பயிற்சிக் காலம்தான் நீண்டது. ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை இடைவெளி விட்டால் இழப்பு ஒன்றுமில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பம்பர்ஸ் விற்கிற விலையைத் தவிர. அந்தப் பாரம் எனக்குத் தெரியும். பகலில் துணி, மலத்துக்கு மட்டும் பம்பர்ஸ் என்று பாதியாக்கலாம். ஐப்பசியிலிருந்து தை வரை கொடியில் ஒன்றும் காயாத மாரியில் தொடங்காமல், மாசி பங்குனி வெயிலுக்குத் தள்ளினால் அம்மாமாரின் கோபமும் பாதியாகும் என்பது என் அனுபவம். இரவு நனைவது வேறு கணக்கு. ஐந்து வயதுக்கு முன் அதற்கு மருத்துவம் தேவையில்லை.

உடனே காட்ட வேண்டியவையும் உண்டு: மலத்தில் இரத்தம், சிறுநீர் போகும்போது அழுகை அல்லது காரணம் தெரியாத காய்ச்சல், எப்போதும் சொட்டிக்கொண்டே இருப்பது, வயிறு ஊதுவது. பல மாதம் உலர்ந்திருந்த பிள்ளை திடீரென்று நனைத்து, அடங்காத் தாகமும் எடுத்தால் அன்றைக்கே வாருங்கள், நீரிழிவாக இருக்கலாம்.

அந்தப் பையன் ஆறு வாரம் கழித்து வந்தான். மலம் போக வேண்டும் என்றால் தானே பம்பர்ஸைக் கொண்டுவந்து கேட்கிறானாம். அம்மா வெட்கப்பட்டார். நான் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் வருகிறது என்று அவனுக்குத் தெரிகிறது, வலியும் இல்லை. முதலில் குளியலறைக்குள் நின்று பம்பர்ஸோடு போகட்டும், பிறகு பம்பர்ஸோடேயே பொட்டியில் இருக்கட்டும் என்றேன்.

வைகாசியில் வந்தபோது காற்சட்டைதான் போட்டிருந்தான். அப்பம்மாவின் பையில் ஒரு பம்பர்ஸ் எட்டிப் பார்த்தது. நான் பார்த்ததைக் கண்டுவிட்டு, "சும்மா இருக்கட்டும் டொக்டர், அவன் கேட்டாலும் கேப்பான்" என்றார்.