தாமிரபரணி: பாபநாசத்துக்குக் கீழே

ஆற்றுச் சூழல் ஆய்வு என் வேலை. தாமிரபரணியைப் பற்றிப் பேச எங்கே போனாலும், "புலிகள் காப்பகத்தில் பிறக்கிற ஆறாச்சே, அதற்கென்ன குறை?" என்று யாராவது கேட்பார்கள். பாதிதான் சரி. ஆறு பிறக்கும் பொதிகை மலைக்காடு களக்காடு முண்டந்துறைக் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988-இல் அமைந்த அதுதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஆனால் புன்னக்காயலில் கடலைச் சேரும்வரை ஆறு ஓடும் தூரம் சுமார் 128 கி.மீ. அதில் பெரும்பகுதி பாபநாசத்துக்குக் கீழே, காப்பகத்துக்கு வெளியே.

சமவெளியில் ஆற்றைக் காப்பது அதன் கரைதான். மருத மரத்தின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. நாணலிலும் தாழம்புதரிலும் மீன்குஞ்சுகள் ஒதுங்குகின்றன, நீர்நாய் பதுங்குகிறது. கரை நன்றாக இருந்தால் என்னவெல்லாம் தங்கும் என்று பார்க்க, கடனாநதி வந்து கலக்கும் திருப்புடைமருதூருக்குப் போய் வாருங்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் நிலைக்கு நிலை பழைய ஓவியங்கள், மரச்சிற்பங்கள். வெளியே மருத மரத்திலும் இலுப்பையிலும் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. எச்சம் விழும், வாடை அடிக்கும், ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. அவர்கள் காத்து வந்த இடத்தைத்தான் 2005-இல் அரசு பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தது.

எனக்கு வருத்தம் தருவது, தூய்மைப் பணி என்ற பெயரில் நடப்பது. நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் ஜேசிபியை இறக்கி வேலிக்கருவையோடு (சீமைக்கருவேலம்) நாணலையும் தாழையையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். அன்றைக்குக் கரை பளிச்சென்று இருக்கும். அடுத்த வெள்ளத்தில் மண் சரியும். எடுக்க வேண்டியவை வேலிக்கருவை, ஆகாயத்தாமரை, குப்பை. அவ்வளவுதான்.

அப்புறம், பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணி. இன்றைய துணியில் பாலியஸ்டர் அதிகம், மட்காது. பாறையில் சிக்கும், மணலில் புதையும், மீனைச் சுற்றும். இந்தத் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை எல்லாம் இந்த ஆற்றை நம்பி எழுந்த ஊர்கள். சிவகளையில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட ஆற்றில் பழந்துணியை விடுவது எந்தக் கணக்கில் புண்ணியம்? குளித்துவிட்டுத் துணியைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

உங்கள் ஊரில் ஆற்றைச் சுத்தம் செய்யக் கிளம்பினால், எந்தச் செடியை வெட்டுவது, எதை விடுவது என்று தாவரம் தெரிந்த ஒருவரை முதல் நாளே கரையில் நடக்கவிட்டு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். பறவைகள் கூட்டில் குஞ்சோடு இருக்கும் மாதங்களில் இயந்திரத்தை இறக்கவே வேண்டாம்.