அளவெடுத்துச் செய்ததா, அட்டை வைத்துச் சரிக்கட்டியதா?

ஆம்பூரில் ஷூ வாங்கப் போனால் கடைக்காரர் எட்டாம் நம்பரை எடுத்துப் போடுவார். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் உள்ளே ஓர் அட்டை வைத்துத் தருவார். "உங்க காலுக்குன்னே லாஸ்ட் (கால் வடிவ அச்சு) செதுக்கிச் செஞ்சது" என்று சொல்லி மூன்று மடங்கு விலை கேட்க மாட்டார். என் தொழிலில், அதாவது மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் தொழிலில், அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் நிறுவனம். பெல்ட், பர்ஸ் எல்லாம் ஷாப்பிஃபை இணையக் கடையில் விற்பனை, கணக்கு டாலி மென்பொருளில். இரண்டையும் இணைக்க, "கஸ்டம் இன்டக்ரேஷன்", அதாவது உங்களுக்கென்றே எழுதிய இணைப்பு, என்று சொல்லி ஒருவர் பெருந்தொகை வாங்கியிருந்தார். நன்றாகத்தான் ஓடியது. ஐரோப்பாவுக்குப் போகும் தோல் ஆர்டர்களையும் அதே வழியில் டாலிக்கு இறக்கலாம் என்று முதலாளி பாய் நினைத்தபோதுதான் சிக்கல்.

நம்மூரில் தோலைச் சதுர அடியில் அளப்போம். அங்கே சதுர டெசிமீட்டர். ஒரு சதுர அடிக்கு 9.29 சதுர டெசிமீட்டர். ஜிஎஸ்டி அளவுப் பட்டியலில் சதுர அடிக்கு எஸ்க்யூஎஃப் என்று குறியீடு உண்டு, சதுர டெசிமீட்டருக்குக் கிடையாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம், 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதியும் மின் பில்) போட்டாக வேண்டும். ஏற்றுமதி பில்லுக்கும் அதே விதி. ஆகவே ஆர்டர் டாலிக்குள் விழுமுன் யாராவது அளவை மாற்றித் தர வேண்டும்.

இணைப்பு செய்து தந்தவரைக் கேட்டதற்கு, "அந்த வசதி அடுத்த வெர்ஷன்ல வருது" என்று பதில் வந்ததாம்.

"நமக்குன்னே எழுதுனதுன்னா அடுத்த வெர்ஷன் யாருக்கு பாய்?" என்றேன். செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால் மாதச் சந்தாவில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ரெடிமேட் கனெக்டர், அதாவது ஏற்கெனவே செய்து வைத்த இணைப்பு மென்பொருள். எந்தப் புலம் எந்தப் புலத்துக்குப் போக வேண்டும் என்று கட்டங்களை நிரப்பியிருந்தார்கள், அவ்வளவுதான். அதுவும் வேலைதான், ஆனால் ஒரு நாள் வேலை.

கனெக்டர் மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஷாப்பிஃபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏபிஐயின் (வேறு மென்பொருள்கள் அதோடு பேசும் வழியின்) புதிய பதிப்பை விடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு குறைந்தது 12 மாதம். அதன் பின்னால் ஓடுவது கனெக்டர் செய்தவரின் தலைவலி. தனியாக எழுதி வாங்கினால் அந்தத் தலைவலி உங்களுடையது. குடியாத்தத்தில் ஒரு லுங்கி வியாபாரி தினமும் நாற்பது ஆர்டருக்குத் தனி நிரல் எழுதித் தரச் சொன்னார். சந்தா கட்டிக் கனெக்டரே போடுங்கள் என்று திருப்பி அனுப்பினேன். (வீட்டில் திட்டு விழுந்தது வேறு கதை.)

ராணிப்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் நேர்மாறு. அங்கே உண்மையாகவே கஸ்டம். டாலி தகவல் வாங்கும் 9000 என்ற போர்ட்டுக்கு (நுழைவாயிலுக்கு) எக்ஸ்எம்எல் வடிவில் பில்களை அனுப்பும் நிரல், நன்றாகவே எழுதப்பட்டது. டாலி ஓடிய கம்ப்யூட்டரை மாற்றினார்கள், நிரல் நின்றது. பழைய கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறான் நிரல் எழுதிய பையன். அவனோ பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டான், சோர்ஸ் கோடும் (நிரலின் மூல வரிகளும்) அவன் லேப்டாப்போடு போய்விட்டது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனைக் கணக்கு) போட வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கையால் பில் ஏற்றினார்கள்.

அதனால் கொட்டேஷன் வந்ததும் நான் முதலில் கேட்கச் சொல்வது விலையை அல்ல. சோர்ஸ் கோடு யாருக்குச் சொந்தம், மாதச் சந்தா யார் பெயருக்குப் போகிறது, பாதி ஆர்டர் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) தானாக விழுமா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் மேனுவலைப் புரட்டினால் அது கனெக்டர். "உங்க பழக்கம் எப்படி, கிரெடிட் நோட்டா, மாற்றுப் பொருளா?" என்று திருப்பிக் கேட்டால், எழுதப் போகிறவர்.

பாய் நிறுவனத்தில் கனெக்டரைக் கழற்றவில்லை. அளவு மாற்றத்துக்கு மட்டும் நடுவில் ஒரு சின்ன நிரல் வைத்தோம், இருநூறு வரிகூட இருக்காது. அதன் சோர்ஸ் கோடு ஒரு பென் டிரைவில் அவர் பீரோவில் இருக்கிறது, நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில்.